மொட்டை மாடியில் காயாத கறி

சாசேஜ் என்ற சொல்லைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் உப்பு வரும். லத்தீனில் 'சால்' என்றால் உப்பு, 'சால்சுஸ்' என்றால் உப்பிட்டது. அந்த வேரிலிருந்து கிளைத்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் சாசேஜ் ஆனது. பாண்டி பஜார் பக்கத்து சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில், பட்டாணி பாக்கெட்டுக்கும் பரோட்டா பாக்கெட்டுக்கும் நடுவே உறைந்து கிடக்கிறதே சிக்கன் சாசேஜ், அதன் பெயருக்குப் பொருள் இவ்வளவுதான். தமிழில் இதே பொருளில் நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: உப்புக்கண்டம். கண்டம் என்றால் துண்டு. உப்பிட்ட துண்டு. பண்டம் வேறு, ஆனால் பெயர் வைத்தவர்கள் யோசித்த விதம் ஒன்று.

கடை சாசேஜில் என்னென்ன கலக்கிறார்களோ, வீட்டிலேயே செய்துவிடலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நம்ம ஊரில் கறியைப் பதப்படுத்தும் வேலை வீட்டு வேலையாகத்தானே இருந்தது? அது எப்படி வீட்டை விட்டு வெளியேறியது? இதற்கு விடை தேடினால் கதை தி. நகரின் மொட்டை மாடியில் போய் நிற்கிறது. கொஞ்சம் சுற்றிக்கொண்டு போவோம்.

*

பத்துப்பாட்டில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு. வழியில் எந்தெந்த ஊரில் யார் யார் என்ன சோறு போடுவார்கள் என்று வரிசையாக வரும். அதில் எயினர் குடியிருப்பு ஒன்று. அங்கே பெண்கள் புல்லரிசியைத் தோண்டி எடுத்து, நிலத்தில் குழித்த உரலில் குற்றி, கிணற்று உவர் நீர் ஊற்றி, வாய் உடைந்த பானையில் சமைக்கிறார்கள். கூடவே சேர்வது 'வாடூன்'. வாடிய ஊன், அதாவது காயவைத்த கறி.

இந்தக் காட்சி நடப்பது தொண்டை நாட்டு வழியில். இன்றைய சென்னையும் அந்தத் தொண்டை மண்டலத்துக்குள்தான் வருகிறது. சோற்றுக்கு நெல் கிடைக்காத, பானை வாங்க வசதியில்லாத வீட்டில்கூட வாடூன் இருந்திருக்கிறது. வேட்டையில் கிடைத்த கறி ஒரே நாளில் தீராது, அடுத்த வேட்டை எப்போது என்று தெரியாது, ஆகவே வெயிலில் போட்டு வைத்தார்கள். இன்றைய மொழியில் சொன்னால் சேமிப்புக் கணக்கு.

பிற்காலத்து உப்புக்கண்டமும் இதே கணக்குதான். குலதெய்வம் கோவிலில் கிடா வெட்டினால் பங்கு கறி மிஞ்சும். பக்ரீத் அன்று குர்பானி கறி மிஞ்சும். எலும்பையும் கொழுப்பையும் நீக்கிவிட்டு, கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசிறி, கோணி ஊசியால் நூலில் கோத்து, கொடியில் தொங்கவிடுவார்கள். பகல் முழுக்க வெயில். சாயங்காலம் உள்ளே எடுக்கணும், மறுநாள் காலை மறுபடி வெளியே. காக்காவுக்கு ஒரு கண், பூனைக்கு ஒரு கண். நாலைந்து நாளில் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். பிறகு பானையில் போட்டு மூடி வைத்தால் மாதக் கணக்கில் கெடாது. வேண்டும்போது ரெண்டு துண்டு எடுத்து, அம்மியில் தட்டி, எண்ணெயில் வறுத்தால் ஒரு வீட்டுக்கே ரசஞ்சோறு இறங்கிவிடும்.

*

அப்படியென்றால் நாம் ஏன் சாசேஜ் செய்யவில்லை? குடலும் இருந்தது, கறியும் இருந்தது, உப்பும் இருந்தது.

ஹோமரின் ஒடிசியிலேயே கொழுப்பும் ரத்தமும் அடைத்த ஆட்டு இரைப்பை நெருப்பில் வேகிறது. ரோமர்கள் தெற்கு இத்தாலியின் லுக்கானியா பகுதி மக்களிடம் கற்றுக்கொண்ட சாசேஜுக்கு 'லுக்கானிகா' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கர்கள் இன்றும் சாசேஜை 'லுக்கானிக்கோ' என்கிறார்கள். ஐரோப்பா முழுக்க இந்தக் கலை வளர்ந்ததற்கு முக்கியமான காரணம் குளிர். குளிர்காலத்தில் தீவனம் கட்டுப்படியாகாது, ஆகவே பனிக்கு முன்னால் வீட்டுப் பன்றியை வெட்டுவார்கள். பெரிய மிருகம், நிறையக் கொழுப்பு. அக்கம்பக்கம் எல்லாம் கூடி ரெண்டு மூணு நாள் வேலை செய்து, அரைத்த கறியைக் குடலில் அடைத்து, குளிர்ந்த நிலவறையில் தொங்கவிட்டால், அது மெதுவாகப் புளித்து மெதுவாக உலரும். அந்த 'மெதுவாக' என்பதுதான் விஷயம்.

மெட்ராஸ் வெயிலில் எதுவும் மெதுவாக நடக்காது. அரைத்த ஈரக் கறியைக் குடலில் அடைத்து 35 டிகிரியில் தொங்கவிட்டால், உலர்வதற்கு முன்னால் அழுகிவிடும். மெல்லிய துண்டாக அரிந்து எல்லாப் பக்கமும் வெயில் பட வைத்தால், அழுகுவதற்கு முன்னால் உலர்ந்துவிடும். இதைப் பாட்டிகள் பௌதிகம் படித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் பௌதிகம் அதுதான். இன்னொன்று, குடலை நாம் பையாக நினைக்கவே இல்லை. அது குடல் குழம்பு. ரத்தம் பொரியல். எல்லாமே தனித்தனியாக இலைக்கு வந்துவிட்ட பிறகு எதை எதில் அடைப்பது?

வெயில் நாட்டிலும் சாசேஜைச் சாதித்தவர்கள் உண்டு. 1510-இல் போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்தார்கள். அவர்களுடைய 'ஷோரிசோ' அங்கே வந்து ஆளே மாறிப்போனது. கள் வினிகர், காய்ந்த மிளகாய், பூண்டு, கனமான உப்பு. புளிப்பும் உப்பும் சேர்ந்து குளிர் செய்கிற வேலையைச் செய்தன. ஜெபமாலை மணிகள் மாதிரி சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டி, வெயிலிலும் அடுப்புப் புகையிலும் உலர்த்தி, மழைக்காலத்துக்கு எடுத்து வைத்தார்கள். இலங்கையில் பறங்கியர் சமையலில் 'லிங்குஸ்' என்ற சாசேஜ் இன்றும் இருக்கிறது. ஆக, நம் கடற்கரைகளுக்கு சாசேஜ் அந்நியம் கிடையாது.

*

வீட்டில் செய்தது என்றாலே சுத்தம், பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை நமக்கு இருக்கிறது. சாசேஜின் வரலாறு அந்த நம்பிக்கைக்கு ரொம்ப இடம் கொடுப்பதில்லை.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெற்கு ஜெர்மனியின் வுர்ட்டம்பர்க் பகுதியில், சாசேஜ் தின்றவர்களுக்குக் கண் இமை தொங்கி, பார்வை இரட்டையாகி, விழுங்க முடியாமல் போய், மூச்சு நின்று இறப்பது அடிக்கடி நடந்தது. யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் இதை விடாமல் ஆராய்ந்தார். அவர் ஒரு கவிஞரும்கூட. 1820-லும் 1822-லும் அவர் வெளியிட்ட ஆய்வுகள்தான் இந்த நோயைப் பற்றிய முதல் முழுமையான விவரங்கள். கெட்ட சாசேஜிலிருந்து பிரித்தெடுத்த சாற்றைத் தன் நாக்கிலேயே வைத்துப் பார்த்தவர். காற்று புகாத இடத்தில்தான் அந்த நஞ்சு உண்டாகிறது என்று கண்டுகொண்டார். லத்தீனில் 'போட்டுலுஸ்' என்றால் சாசேஜ். அதிலிருந்துதான் 'போட்டுலிசம்' என்று நோய்க்குப் பெயர் வந்தது. அதே நஞ்சைத் துளித் துளியாக நீர்த்து முகச் சுருக்கத்துக்கு ஊசி போடுகிறார்களே, போட்டாக்ஸ், அதுவும் இந்த சாசேஜின் வாரிசுதான்.

அந்தச் சாவுகளுக்குப் பின்னால் இருந்ததில் பெரும்பகுதி ஆலைச் சரக்கு கிடையாது. கிராமத்துச் சமையலறையில் கைப்பக்குவத்தில் செய்தது. உப்புக் குறைந்தது, வேக்காடு பத்தவில்லை, உள்ளே காற்றில்லாத ஈரம். உப்புக்கண்டம் இந்த ஆபத்திலிருந்து தப்பியது அதன் வடிவத்தால்: மெல்லிய துண்டு, சுற்றிலும் காற்று, ஈரமே இல்லை.

பிறகு ஆலை வந்தது, பயமும் இடம் மாறியது. 1906-இல் அப்டன் சின்க்ளேர் எழுதிய 'தி ஜங்கிள்' நாவல் சிகாகோ இறைச்சி ஆலைகளின் உள்பக்கத்தைக் காட்டியது. தொழிலாளிகளின் துயரத்தைப் பற்றி அவர் எழுதினார். படித்தவர்களோ தங்கள் தட்டைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி அமெரிக்காவில் இறைச்சி ஆய்வுச் சட்டம் கையெழுத்தானது. இந்தியாவில் இறைச்சிப் பண்டங்களுக்கான ஆணை 1973-இல் வந்தது, பிறகு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஆலைகள் நைட்ரைட் சேர்ப்பது போட்டுலிசக் கிருமியைத் தடுக்கத்தான், இளஞ்சிவப்பு நிறம் கூடுதல் லாபம். ஆனால் 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. இருக்கிற வாய்ப்பு அந்த அளவு கூடுகிறது என்று பொருள், நூறில் 18 பேருக்கு வரும் என்று பொருள் கிடையாது.

வீடும் கொன்றிருக்கிறது, ஆலையும் ஏமாற்றியிருக்கிறது. ஆகவே 'வீட்டில் செய்தது' என்ற சொல்லுக்குள் சுகாதாரத்தைத் தவிர வேறு என்னவோ இருக்கிறது. அது என்ன?

*

முதலில், யாருடைய கை என்கிற விஷயம் இருக்கிறது.

1878-இல் மெட்ராஸில் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் ஒரு சமையல் புத்தகம் வந்தது. எழுதியவர் ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட், மெட்ராஸ் ராணுவ அதிகாரி. வெளியிட்டது ஹிக்கின்பாதம்ஸ். சீமையிலிருந்து டப்பாவில் வரும் பண்டங்களை நம்பி விருந்து வைக்கும் வெள்ளைக்காரக் குடும்பங்களை அவர் கண்டிக்கிறார். பக்கத்துச் சந்தையில் புதுசாக எல்லாம் கிடைக்கும்போது டப்பா எதற்கு என்பது அவர் கட்சி. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே இந்த ஊரில் 'கடைச் சரக்கா, வீட்டுப் பக்குவமா' விவாதம் நடந்திருக்கிறது.

ஆனால் அந்த 'வீட்டுப் பக்குவம்' துரைசாணியின் கையால் வந்ததில்லை. அந்தப் புத்தகம் முழுக்க சமையல்காரருக்கு ஒரே பெயர்தான்: ராமசாமி. மெட்ராஸின் எல்லாச் சமையல்காரர்களுக்கும் சேர்த்து வைத்த பொதுப் பெயர். புகை அடுப்பில் பிரெஞ்சு சாஸ் கிளறியவர்களின் சொந்தப் பெயர்கள் அந்தப் புத்தகத்துக்குத் தேவைப்படவில்லை. உப்புக்கண்டம் கோத்த பெண்களுக்கு இந்தப் பொதுப் பெயர்கூடக் கிடையாது. வீட்டில் செய்தது என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்த வீட்டுக்குள் யார் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

*

அடுத்தது, யாருடைய மாடி என்பது. இப்போது தி. நகருக்கு வந்துவிட்டோம்.

1920-களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலம் ஏரியை வடித்து உருவாக்கிய பேட்டை இது. அந்த இயக்கத்தின் பெயர்கள்தான் இன்றும் இதன் வரைபடம். சர் பிட்டி தியாகராயர் பெயரில் நகர், பனகல் அரசர் பெயரில் பூங்கா, முகமது உஸ்மான் பெயரில் சாலை, சௌந்தரபாண்டியனார் பெயரில் அங்காடி. வெங்கட்நாராயணா சாலையில் நடேசன் பூங்கா இருக்கிறது. டாக்டர் சி. நடேச முதலியார் 1916-இல் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்ற மாணவர் விடுதியைத் தொடங்கியவர். பட்டணத்துக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குச் சாதியின் பேரால் தங்க இடமும் சாப்பாடும் மறுக்கப்பட்டதுதான் காரணம்.

இப்போது அந்தப் பூங்காவைச் சுற்றி வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். புரோக்கரின் முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றி இருக்காது. "சார், வெஜ்ஜா நான்-வெஜ்ஜா?" என்றுதான் பல இடங்களில் கேட்பார். 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்ற விளம்பரம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதுசு கிடையாது. அது சாப்பாட்டைப் பற்றிய வரி மாதிரித்தான் இருக்கும். படிக்கிறவருக்கு அது என்ன கேட்கிறது என்று தெரியும்.

சித்திரை, வைகாசியில் இதே பேட்டையின் மாடிகளில் வடாம் காயும். வேட்டி விரித்து, கூழ் கிளறி, பிழிந்து, குச்சியோடு ஒரு பிள்ளையைக் காவலுக்கு உட்காரவைத்து. அப்பளம், மோர்மிளகாய், நார்த்தங்காய் எல்லாம் மாடிக்கு வரும். தண்டவாளத்தைத் தாண்டி மேற்கு மாம்பலம் போனால் 'ஹோம் மேட்' பலகை வைத்த கடைகள் வரிசையாக இருக்கின்றன. வற்றல், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். 'வீட்டுத் தயாரிப்பு' என்பது இங்கே ஒரு மதிப்புச் சொல், விலையைக் கூட்டும் சொல்.

வடாமும் உப்புக்கண்டமும் தொழில்நுட்பத்தில் அக்கா தங்கை. அதே உப்பு, அதே வெயில், அதே காக்கா, அதே காவல் குச்சி. ஒன்றை எல்லாரும் பார்க்கக் காயவைக்கலாம், இன்னொன்றைக் காயவைத்தால் சாயங்காலத்துக்குள் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். தனி வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் வந்தபோது மொட்டை மாடி பொதுச் சொத்தானது. அந்தப் 'பொது' எல்லாருக்கும் ஒரே அளவில் பொதுவாக இருக்கவில்லை. கருவாடு வறுக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்ளப் பழகிய குடும்பங்கள் மாடிக்குக் கறியை எடுத்துப் போகுமா? வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்தது, தினமும் கறி கிடைத்தது, அவையும் காரணம்தான். ஆனால் ஃப்ரிட்ஜ் வந்த பிறகும் வடாம் நிற்கவில்லையே. தேவை முடிந்த பிறகும் ஒரு பண்டம் ஆசைக்காகப் பிழைக்கும். உப்புக்கண்டத்துக்குத் தி. நகரில் அந்த வாய்ப்பு ரொம்பக் குறைவாகவே கிடைத்தது.

வீட்டுக்கு வெளியே காய்கிற கறி அந்த வீட்டை அடையாளம் காட்டிவிடும் என்பது உலகத்தில் வேறு இடங்களிலும் தெரிந்த விஷயம். 1497-இல் போர்ச்சுகல் யூதர்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கியது. 1536-இல் அங்கே மத விசாரணை மன்றம் வந்தது. பன்றி சாசேஜ் தொங்காத வீட்டின் மேல் சந்தேகம் விழுந்தது. அதனால் அவர்கள் கோழிக்கறியும் ரொட்டியும் பூண்டும் அடைத்துப் பன்றி சாசேஜ் மாதிரியே ஒன்றைச் செய்து புகையில் தொங்கவிட்டார்கள் என்று போர்ச்சுகலில் வழிவழியாகச் சொல்கிறார்கள். 'அல்ஹெய்ரா' என்ற அந்த சாசேஜ் இன்றும் விற்கிறது. அங்கே பிழைக்க எதையாவது தொங்கவிட வேண்டியிருந்தது. இங்கே வாடகைக்கு வீடு கிடைக்க எதையும் தொங்கவிடாமல் இருக்க வேண்டியிருக்கிறது.

ஃப்ரீசர் சாசேஜ் இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு பொருந்திப் போனது என்று இப்போது புரியும். அதற்கு வாசனை கிடையாது, எலும்பு கிடையாது, ரத்தம் கிடையாது. செல்லுலோஸ் குழாயில் வேகவைத்து, அந்தத் தோலையும் உரித்துவிட்டு, வழவழவென்று வெளியே வரும். குப்பைக் கூடையில்கூடத் தடயம் இருக்காது, ஒரு பிளாஸ்டிக் உறையைத் தவிர. அந்த பாக்கெட்டின் விலையில் கறியோடு சேர்ந்து மறைவுக்கும் காசு கொடுக்கிறோம்.

*

சரி, வீட்டில் செய்யலாமா? தாராளமாக.

ஒரு கிலோவுக்குக் கணக்கு: முக்கால் கிலோ கோழித் தொடைக்கறி அல்லது பன்றிக்கறி, கால் கிலோ கொழுப்பு. கோழிக்குத் தோலையே கொழுப்பாக எடுத்துக்கொள்ளலாம். உப்பு 16 முதல் 18 கிராம், தராசில் நிறுத்துத்தான் போடணும். மிளகு, சோம்பு, பூண்டு, கறிவேப்பிலை உங்கள் இஷ்டம். கறி, பாத்திரம், அரைக்கும் இயந்திரம் எல்லாம் ஜில்லென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பு உருகிப் பிரிந்து சாசேஜ் பொடிப்பொடியாக உதிரும். அரைத்த பிறகு கையில் ஒட்டும் பதம் வரும்வரை பிசைய வேண்டும். உப்பு புரதத்தை இளக்குவதால்தான் அந்த ஒட்டு வருகிறது. சுத்தம் செய்த ஆட்டுக்குடல் கிடைத்தால் அடைக்கலாம், இல்லாவிட்டால் வாழை இலையில் உருட்டி ஆவியில் வைக்கலாம். நடுவில் 74 டிகிரி சூடு ஏறணும். பச்சையாக ஃப்ரிட்ஜில் ரெண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம், மிச்சத்தை உறைய வையுங்கள். சென்னை வெயிலில் இதைத் தொங்கவிட்டு உலர்த்தும் ஆசை மட்டும் வேண்டாம். கெர்னரை நினைத்துக்கொள்ளுங்கள்.

தொங்கவிடத்தான் வேண்டுமென்றால் அதற்கு உப்புக்கண்டம் இருக்கிறது. கொழுப்பில்லாத ஆட்டுக்கறி, கை தாராளமாக உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், ஈ மொய்க்காமல் மேலே ஒரு வலை, அக்னி நட்சத்திரத்தில் ஐந்து நாள். இயந்திரமும் வேண்டாம், குடலும் வேண்டாம்.

வேண்டியது ஒரு கொடியும், அதைக் கட்ட ஒரு மாடியும். அந்த மாடியில் ஏற்கெனவே ஒரு வேட்டியில் வடாம் காய்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.